கதிர் கவர்ந்த காற்று

1835-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் ஒருவர், மாந்தர் அறிவுக்கு ஓர் எல்லைக்கோடு கிழித்தார். அகஸ்ட் கோம்ட் என்பது அவர் பெயர். மறைநூலைக் காட்டி மிரட்டிய மதகுரு அல்லர். ஆய்வும் அளவையுமே அறிவுக்கு அடிப்படை என்று முழங்கியவர். அத்தகையவரே, விண்மீன்களின் தொலைவை அளக்கலாம், அசைவைக் கணக்கிடலாம், ஆனால் அவை எப்பொருளால் ஆனவை என்பதை மட்டும் எந்நாளும் அறிய இயலாது என்று எழுதி வைத்தார். எப்படி அறிவது? ஏறிச் செல்ல ஏணி இல்லை. எடுத்து வந்து எரித்துப் பார்க்கப் பிடி மண்ணும் கிடைக்காது. நியாயமான ஐயம்தான்!

கோம்ட் 1857-இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகள் சென்றன. ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃப், புன்சன் என்னும் இருவர் ஓர் அடுப்புச் சுடரின் முன் அமர்ந்து அந்த எல்லைக்கோட்டை அழித்தனர். உப்பைச் சுடரில் இட்டால் மஞ்சள் ஒளி எழுகிறது. அவ்வொளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்தால் குறித்த இடத்தில் இரு கோடுகள் தோன்றுகின்றன. அதே இடத்தில், கதிரவன் ஒளியில் இரு கரிய கோடுகள் உள்ளன என்பதை ஃபிரான்ஹோஃபர் 1814-லேயே வரைந்து வைத்திருந்தார். பொருள் விளங்கிற்று. கதிரவனிடம் சோடியம் இருக்கிறது. வெளிவரும் ஒளியில் தனக்குரிய நிறத்தை அது விழுங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கையெழுத்து. அதை ஒளியே சுமந்து வருகிறது. பிடி மண் தேவையில்லை, பிடி ஒளி போதும்!

இந்தக் கையெழுத்துக் கலையின் வரலாற்றில் அன்றைய சென்னை மாகாணத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுக் கதிரவன் மறைப்பு நிகழ்ந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான்சன் குண்டூரில் காத்திருந்தார். சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவியோடு நின்றார். மறைப்பின் விளிம்பில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஒளிக்கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடு என்றே முதலில் கருதினர். இடம் சற்று விலகி இருந்தமையால் அது புதிய தனிமம் என்று இங்கிலாந்தில் லாக்கியர் துணிந்தார். கதிரவனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று அழைக்கப்பட்டது. மண்ணுலகில் அதை ராம்சே கண்டெடுத்தது 1895-இல். விண்ணில் கண்டு இருபத்தேழு ஆண்டுகள் கழித்தே மண்ணில் கண்டனர். இந்த ஹீலியத்தைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து நம் கதைக்குள் அது திரும்பி வருகிறது.

பிற விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உண்டா என்னும் வினா இன்னும் பழையது. எண்ணற்ற கதிரவன்கள், எண்ணற்ற உலகங்கள் என்று 1584-இல் நூல் எழுதிய புரூனோ, 1600-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரோம் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் பல. பெரும்பாலானவை சமயக் கோட்பாடு பற்றியவை. பல உலகங்கள் உண்டு என்றதும் அப்பட்டியலில் ஒன்று. அவர் கையில் தொலைநோக்கி இல்லை, சான்றும் இல்லை. எரித்தவர்கள் கையிலும் மறுப்புக்குச் சான்று இல்லை, நெருப்பு இருந்தது.

சான்று தேடிய முயற்சிகளுள் பழமையான ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்தது என்பதைப் பலர் அறியார். அங்கிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் நடையில் ஒரு பிசகு கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை அசைக்கிறது, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று 1855-இல் எழுதினார். கோள் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முடிவு பிழைத்தது, முறை பிழைக்கவில்லை. தெரியாத ஒன்றை, அது தெரிந்த ஒன்றை அசைக்கும் அசைவால் அறியலாம் என்னும் அதே முறையே, நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

1995 அக்டோபரில் ஜெனீவாவின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தனர். 2019-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். வியப்பு கோள் கிடைத்ததில் மட்டும் இல்லை. கிடைத்த இடத்தில் இருந்தது. வியாழனைப் போன்றதொரு வளிக்கோள், தன் கதிரவனிலிருந்து ஏறத்தாழ 80 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், நாலேகால் நாளுக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டிருந்தது! நம் புதனே கதிரவனிலிருந்து 5 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. உலையின் வாயிலில் ஒரு பெருங்கோள் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேனியெல்லாம் வளி. அந்த வளி எவ்வாறு நிலைக்கிறது என்னும் கேள்வி அன்றே பிறந்தது.

வளி ஏன் நிற்கிறது, ஏன் ஓடுகிறது என்பதற்குரிய கணக்கு முன்பே இருந்தது. அயர்லாந்தின் ஜான்ஸ்டன் ஸ்டோனி — எலக்ட்ரானுக்குப் பெயர் சூட்டியவர் — 1898-இல் அதை விரித்து எழுதினார். ஜேம்ஸ் ஜீன்ஸ் பின்னர்ச் செப்பம் செய்தார். வளி என்பது ஓயாது ஓடும் துகள்களின் கூட்டம். வெப்பம் ஏற ஏற ஓட்டம் மிகும். எடை குறையக் குறையவும் ஓட்டம் மிகும். நம் நிலவுலகின் பிடியை அறுத்துக்கொண்டு போக நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும்; திங்களில் 2.4 போதும். திங்களுக்குக் காற்றில்லாமைக்கும் நமக்குக் காற்றிருப்பதற்கும் இந்த இரண்டு எண்களுக்கிடையே பெரும் விடை இருக்கிறது.

ஆனால் வெப்பம் எல்லா ஒளியாலும் ஒரே வகையில் ஏறுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி காற்றை ஊடுருவிக் கீழே தரையையோ அடியடுக்கையோ சூடாக்குகிறது. எக்ஸ் கதிரும் கடும் புற ஊதாக் கதிரும் அவ்வாறு ஊடுருவுவதில்லை. உச்சியில் மிக மெல்லிய அடுக்கிலேயே விழுங்கப்படுகின்றன. அங்கே அணுவின் எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. மீந்த ஆற்றல் சூடாகிறது. விண்மீன் தரும் மொத்த ஒளியில் அவை மிகச் சிறு பங்கே. ஆயினும் அப்பங்கு, அடர்த்தி குறைந்த உச்சி அடுக்கில் விழுவதால், நெருங்கிய கோளின் கூரையைப் பத்தாயிரம் பாகை அளவுக்கும் கொதிக்கச் செய்ய வல்லது. அப்போது துகள்கள் ஒவ்வொன்றாக நழுவுவதில்லை. கூரையே பெயர்ந்து காற்றாறாக ஓடத் தொடங்குகிறது.

இந்தக் காற்றாற்றின் கணக்கு எங்கிருந்து வந்தது? 1958-இல் சிகாகோவில் யூஜின் பார்க்கர் என்னும் இளைஞர், கதிரவனிலிருந்து ஓயாது ஒரு காற்று வீசுகிறது என்று கட்டுரை எழுதினார். மதிப்பிட்ட அறிஞர் இருவரும் அதைத் தள்ளினர். இதழாசிரியர் யார்? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் பிழை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. வெளியிட்டார்! தமக்கே உடன்பாடில்லாத கருத்துக்கு, பிழை காட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் இடமளித்த அந்தப் பண்பை என்னென்பது! 1962-இல் மாரினர் 2 விண்கலம் வெள்ளியை நோக்கிச் சென்றபோது வழியெங்கும் அந்தக் காற்றை அளந்தது. விண்மீனுக்காக எழுதிய அதே வகைச் சமன்பாடுகளைத்தான், கோள்களிலிருந்து வீசும் காற்றுக்கும் இன்று அறிஞர் ஆள்கின்றனர்.

கணக்கு இருந்தது, காட்சி வேண்டும். 1999-இல் எச்.டி. 209458 என்னும் விண்மீன், மூன்றரை நாளுக்கு ஒருமுறை ஒன்றரை விழுக்காட்டளவு மங்குவதை ஷார்பனோ குழுவினரும் ஹென்றி குழுவினரும் தனித்தனியே கண்டனர். கோள் ஒன்று விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே நடக்கிறது. அந்நேரம் விண்மீன் ஒளியில் ஒரு பங்கு, கோளின் விளிம்புக் காற்றினூடே புகுந்து நம்மிடம் வருகிறது. அதில் கோளின் கையெழுத்து இருக்கவேண்டுமே! 2001-இல் ஹபிள் தொலைநோக்கியின் துணையோடு ஷார்பனோ குழுவினர் அதைப் படித்தனர். முதற் சொல் எது தெரியுமா? சோடியம். ஹைடல்பர்க் அடுப்பில் எரிந்த அதே உப்பின் மஞ்சள். அயற்கோள் ஒன்றின் காற்றை மாந்தர் அறிந்தது அதுவே முதல் முறை.

2003-இல் அதே கோளை விடால்-மஜார் என்னும் பிரெஞ்சு அறிஞரின் குழு, ஹைட்ரஜனுக்குரிய புற ஊதா நிறத்தில் நோக்கிற்று. கோளின் உடல் மறைப்பது ஒன்றரை விழுக்காடு. ஆனால் அந்நிறத்தில் பதினைந்து விழுக்காடு மறைந்தது! அத்துணை அகலமான ஹைட்ரஜன் முகிலைக் கோளின் ஈர்ப்பு பிடித்து வைக்க இயலாது. ஆகவே அது தப்பி ஓடும் முகில். நொடிக்குக் குறைந்தது பத்தாயிரம் டன் என்றனர். கேட்டவுடன் அச்சம் வரும். ஆனால் கோளின் பேரளவோடு ஒப்பிட்டால், ஆயிரம் கோடி ஆண்டு ஒழுகினும் அந்த அளவில் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெருங்கோள் பெருஞ்செல்வன் போல; ஓட்டைச் சட்டைப்பையோடு நடந்தாலும் ஓட்டாண்டி ஆவதில்லை.

அம்முடிவை எல்லாரும் அப்படியே ஏற்றனர் என்று எண்ணவேண்டா. 2007-இல் பென்-ஜாஃபல் என்னும் அறிஞர் அதே ஹபிள் பதிவுகளை மீண்டும் கணக்கிட்டு, மறைப்பு ஒன்பது விழுக்காட்டளவே, காற்று உப்பியிருக்கிறது, ஓடுகிறது என்பதற்குச் சான்றில்லை என்று வாதிட்டார். இடர்ப்பாடு உண்மையானது. விண்வெளியில் பரந்து கிடக்கும் ஹைட்ரஜனே அந்த நிறத்தின் நடுப்பகுதியை வழியில் விழுங்கிவிடுகிறது. ஓரங்களை வைத்தே பேசவேண்டும். விண்மீனின் ஒளியும் தானே ஏறி இறங்கும். ஆக்சிஜனும் கார்பனும் அதே உயரத்தில் காணப்பட்டபின் ஓட்டத்துக்குரிய வாதம் வலுப்பெற்றது. எடை மிகுந்த அவ்வணுக்கள் தாமாக அங்கே ஏறமாட்டா. வேகமாய் ஓடும் ஹைட்ரஜன் வெள்ளம்தான் இழுத்துச் சென்றிருக்க வேண்டும்.

ஐயத்தைப் பெரிதும் போக்கிய காட்சி 2015-இல் கிட்டியது. 32 ஒளியாண்டுத் தொலைவில், ஜி.ஜே. 436 என்னும் சிறு செவ்விண்மீனைச் சுற்றும், நெப்டியூன் அளவுள்ள கோள் அது. கண்ணொளியில் அது மறைப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஹைட்ரஜன் நிறத்தில்? ஐம்பத்தாறு விழுக்காடு! விண்மீனின் பாதி முகத்துக்கு மேல் மறைக்கும் முகில். கோள் கடந்து போனபின்னும் நெடுநேரம் மறைப்பு நீடித்தது. வால்வெள்ளி போல வால் நீண்டிருந்தது. எரென்ரைக் குழுவினர் கண்ட அந்தப் பாதியளவு மறைப்பை, எந்தக் கணக்குப் பிழையாலும் விளக்க இயலாது.

விண்மீன் சீறினால் கோள் நடுங்குவதையும் கண்டனர். எச்.டி. 189733 என்னும் விண்மீனின் கோள், 2010-இல் பார்த்தபோது காற்றை இழப்பதாகத் தெரியவில்லை. 2011 செப்டம்பரில் பார்த்தபோது ஹைட்ரஜன் பெருகி ஓடியது. அதற்கு எட்டு மணி நேரம் முன்பு அந்த விண்மீனில் ஓர் எக்ஸ் கதிர்ச் சீற்றம் நிகழ்ந்ததை ஸ்விஃப்ட் விண்கலம் பதிவு செய்திருந்தது. ஒரு முறை நிகழ்ந்ததைக் கொண்டு சட்டம் வகுக்க இயலாது. அடுத்தடுத்து நிகழ்ந்தமையை மறுக்கவும் இயலாது.

ஹைட்ரஜனை இவ்வாறு நோக்க விண்வெளித் தொலைநோக்கி வேண்டும். அண்மை விண்மீன்களுக்கே அது பயன்படும். வேறு வழி? இங்கேதான் குண்டூர் வானில் கண்ட ஹீலியம் திரும்பி வருகிறது. கடும் புற ஊதாக் கதிர் ஹீலியத்தை ஒரு தனி நிலைக்கு உயர்த்துகிறது. அந்நிலையில் அது 10,830 ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை விழுங்குகிறது. அந்த ஒளி நம் காற்றைக் கடந்து தரைக்கு வரும்! 2018-இல் ஜெசிகா ஸ்பேக் குழுவினர் ஹபிள் வழியே வாஸ்ப்-107 பி என்னும் கோளில் அதைக் கண்டனர். அதே ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மலைமேல் உள்ள தரைத் தொலைநோக்கியும் வேறு கோள்களில் கண்டது.

கதிர் காற்றைக் கவர்வது மட்டும் செய்வதில்லை, சமைக்கவும் செய்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் வாஸ்ப்-39 பி என்னும் கோளை நோக்கியபோது, அங்கே கந்தக டைஆக்சைடு இருந்தது. அந்தச் சூட்டில், அந்தக் கலவையில், தானாக அத்தனை அளவு உண்டாகக் காரணமில்லை. விண்மீனின் புற ஊதாக் கதிர் நீராவியை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சிதைக்கின்றன. கந்தகம் ஆக்சிஜனோடு கூடுகிறது. நம் தலைக்கு மேல் ஓசோன் படலத்தை உண்டாக்குவதும் இவ்வகை வேலையே. அதனினும் கொடிய உலையும் உண்டு. 2017-இல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-9 பி என்னும் கோளின் பகற்புறம் பல விண்மீன்களினும் வெப்பமானது. அங்கே இரும்பே ஆவியாய் மிதப்பதை அடுத்த ஆண்டில் கண்டனர்.

தனித்தனிக் கோளில் கண்டதைத் தொகை முழுவதிலும் காண முடியுமா? கெப்ளர் விண்கலம் 2009 முதல் ஆயிரக்கணக்கான கோள்களைக் காட்டியது. 2017-இல் ஃபுல்டன் குழுவினர் அவற்றின் அளவைத் துல்லியமாக்கி வரிசைப்படுத்தினர். நம் நிலவுலகைப் போல் ஒன்றரை மடங்கு விட்டம் வரை ஒரு கூட்டம்; இரண்டு மடங்குக்கு மேல் மற்றொரு கூட்டம்; நடுவே பள்ளம்! ஓவன், வூ, லோபஸ், ஃபார்ட்னி ஆகியோர் இத்தகைய பள்ளத்தை 2013-லேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தனர். பாறைக் கருவின் மேல் எடையில் ஒரு விழுக்காடு ஹைட்ரஜன் போர்த்தினாலே கோளின் விட்டம் இரட்டிக்கும். விண்மீனின் இளமையில், முதல் பத்துக் கோடி ஆண்டுகளில், எக்ஸ் கதிர் மிகக் கடுமையாய் வீசும். அப்போர்வை தாங்கினால் தங்கும். தாங்காவிட்டால் முழுதும் போகும். அரைகுறையாய் நிற்பது அரிது. கோளின் கருவில் தேங்கிய சூடே போர்வையைக் கழற்றுகிறது என்று 2018-இல் வேறொரு சாரார் எழுதினர். இவ்வழக்கு இன்னும் மன்றத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நம் வீட்டிலேயே இந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளியின் காற்றில் கனத்த ஹைட்ரஜனின் விகிதம் இங்குள்ளதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். 1978-இல் சென்ற பயனியர் விண்கலம் அதைக் காட்டியது. இலேசான ஹைட்ரஜன் ஓடிப்போக, கனத்தது பின்தங்கிற்று. ஓடியது ஒரு காலத்து நீர். செவ்வாயை 2014-இல் அடைந்த மேவன் விண்கலம், கதிரவக் காற்று நொடிக்கு 100 கிராம் அளவு செவ்வாயின் காற்றைக் கவர்வதை அளந்தது. சிறு தொகைதான், ஆனால் செவ்வாயிடம் தொடக்கத்தில் இருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2017-இல் கணக்கிட்டனர். இளங்கதிரவனின் சீற்றம் அன்று பன்மடங்கு மிகுந்திருந்தது. அதே கதிரவன், அதே காலம். பெரிய நிலவுலகுக்கு ஒரு தீர்ப்பு, சிறிய செவ்வாய்க்கு வேறு தீர்ப்பு.

இப்போது எஞ்சியிருப்பது பெரிய வழக்கு. விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிறு செவ்விண்மீன்கள். அவற்றின் ஒளி மங்கல். ஆகவே நீர் உறையாமல் இருக்கக் கோள் மிக நெருங்கிச் சுற்றவேண்டும். நமக்கு மிக அண்மையான பிராக்சிமாவின் கோள், 2016-இல் கண்டது, பதினொரு நாளில் சுற்றி வருகிறது. நெருங்கினால் குளிர் போகும். ஆனால் எக்ஸ் கதிரும் சீற்றமும் முகத்தில் அறையும். இவ்விண்மீன்களின் முரட்டு இளமையோ நம் கதிரவனைப்போல் விரைவில் தணிவதில்லை. இன்னொரு சூழ்ச்சியும் உண்டு: கடலின் நீரைக் கதிர் பிளந்து ஹைட்ரஜனை ஓட்டிவிட்டால், ஆக்சிஜன் பின்தங்கிக் குவியலாம் என்று லூகர், பார்ன்ஸ் இருவரும் 2015-இல் காட்டினர். ஆக்சிஜன் கண்டவுடன் அங்கே மரம் இருக்கிறது, மான் இருக்கிறது என்று துள்ளுவோர் பொறுத்திருக்க வேண்டும்!

40 ஒளியாண்டுத் தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்னும் செவ்விண்மீனைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள் உள்ளன என்று 2017-இல் அறிவித்தனர். ஜேம்ஸ் வெப் அவற்றின் வெப்பத்தை அளந்தது. முதற்கோளின் பகற்புறம் ஏறத்தாழ 230 செல்சியஸ். காற்றிருந்தால் வெப்பம் இராப்புறத்துக்கும் பரவிப் பகல் தணிந்திருக்கும். இரண்டாம் கோளில் வெள்ளியைப் போன்ற அடர்ந்த கரியமில வாயு இல்லை. இவை 2023-இல் வந்த செய்திகள். மிதமான கதிர் பெறும் நான்காம் கோளைப் பற்றி 2025-இல் வந்த முதல் அளவைகள், பிறவி ஹைட்ரஜன் போர்வை இருக்க வாய்ப்பில்லை என்ற அளவில் நின்றன. விண்மீன் மேனியின் புள்ளிகள் ஒளியைக் குழப்புவதால் மேற்கொண்டு கூற இயலவில்லை.

செவ்விண்மீன்களின் பாறைக் கோள்களுக்கு மட்டும் ஜேம்ஸ் வெப்பில் சுமார் 500 மணி நேரத்தை ஒதுக்கும் திட்டம் 2024-இல் வகுக்கப்பட்டது. அதே திட்டத்தில் முதிய ஹபிளுக்கும் வேலை தந்திருக்கின்றனர். அது கோள்களைப் பார்ப்பதில்லை. அவற்றைச் சுடும் விண்மீன்களின் புற ஊதா ஒளியை, 250 சுற்றுகள் நின்று, அளந்து வைக்கிறது.